விட்ட மூச்சு எங்கே போகும்?

கொடைக்கானலுக்குப் போய்வந்தவர்கள் முதலில் சொல்வது, "அங்கே காற்றே தனி" என்பதுதான். அடுத்த வாக்கியத்தில் "ஆக்சிஜன் அதிகம்" என்பதும் சேர்ந்துகொள்ளும். முன்னது சரி. பின்னது தப்பு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த ஊர். அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் ஏறக்குறைய 78 சதவீதம்தான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு இங்கேயும் 21 சதவீதம், அங்கேயும் 21 சதவீதம். ஆனால் காற்றே மெலிந்துவிட்டதால், ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைப்பவர்கள் அங்கே பாடுபடுவதற்கும் இதே அழுத்தக் குறைவுதான் காரணம்.

1899-ல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இன்னும் கொஞ்சம் மேலே, 2,343 மீட்டரில் இருக்கிறது. பயணிகள் விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருக்கும் அழுத்தம் 8,000 அடி, அதாவது சுமார் 2,440 மீட்டர் உயரத்துக்கு உரியதைவிடக் குறையக் கூடாது என்பது விதி. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் பறப்பவர் வழியெல்லாம் சுவாசிப்பது, மோசமான நிலையிலும், அந்த ஆய்வகத்து வாசலில் நிற்பவர் சுவாசிப்பதற்கு ஏறக்குறையச் சமமான ஆக்சிஜனைத்தான். இருவருக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஆரோக்கியமான உடம்பு இந்தக் குறைவைப் பொருட்படுத்தாது.

அப்படியானால் காற்று எப்போது சுவாசிக்கத் தகாததாகிறது? நம் மலையில் கிடைக்காத விடையை விண்கலத்தில் தேடலாம். மூடிய ஒரு பெட்டிக்குள் மனிதரை வைத்து, ஜன்னலே திறக்க முடியாத இடத்துக்கு அனுப்பும்போதுதான், பூமி இதுவரை சத்தமில்லாமல் நமக்குச் செய்துவந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கணக்கில் வருகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி. காற்று புகச் சிறு சந்துகூட இல்லை. உள்ளே மூன்று பேர். ஒருவர் ஒரு நாளில் சுமார் 840 கிராம் ஆக்சிஜனைச் செலவழித்து, ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயுவை வெளியே விடுகிறார் என்பது விண்கலப் பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் அளவு. அந்த அறையில் இரண்டே மணி நேரத்தில் கரியமில வாயு அரை சதவீதத்தைத் தொட்டுவிடும். தொழிற்கூடங்களில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்படும் உச்ச வரம்பு அது. ஆக்சிஜனோ அப்போது 20.4 சதவீதத்தில், கிட்டத்தட்டத் தொடாததுபோலவே இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் போனால் கரியமில வாயு 3 சதவீதம். தலை வலிக்கும், மூச்சு வாங்கும், யோசனை தடுமாறும். ஆக்சிஜன் அப்போதும் 17.5 சதவீதம்.

அழுத்தத்தையும் கணக்கில் சேர்த்தால், அந்த அறையில் அந்த நேரத்தில் இருக்கும் ஆக்சிஜன் கொடைக்கானல் ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டுகிறவருக்குக் கிடைப்பதைவிட அதிகம்! ஏரிக்கரை அளவுக்கு அது இறங்க 16 மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் கரியமில வாயு 4 சதவீதமாகியிருக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கும் அளவு அது. ஆக, மூடிய அறையில் இருப்பவரை முதலில் வீழ்த்துவது தீர்ந்துபோன ஆக்சிஜன் அல்ல, அவரே விட்ட மூச்சு. விண்கலத்தில் காற்றைக் காப்பது என்றாலே நாம் ஆக்சிஜன் சிலிண்டரை நினைக்கிறோம். பொறியாளரின் தூக்கத்தைக் கெடுப்பது குப்பை அள்ளும் வேலை.

நம் உடம்பும் இதை அறிந்தே வைத்திருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்போது "இனி முடியாது" என்று நெஞ்சு முட்டுகிறதே, அது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்ததற்கான எச்சரிக்கை அல்ல. இரத்தத்தில் கரியமில வாயு கூடி அமிலத்தன்மை ஏறுவதை மூளைத்தண்டு கண்டுபிடித்து எழுப்பும் மணி. ஆக்சிஜன் மட்டும் மெதுவாகக் குறைந்தால் உடம்புக்குச் சட்டென்று தெரிவதில்லை.

முதல் ஆபத்து கரியமில வாயுதான் என்ற இந்த உண்மை உலகத்தின் காதில் உரக்க விழுந்தது 1970 ஏப்ரலில். நிலவுக்குப் போய்க்கொண்டிருந்த அப்போலோ 13-ன் ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. தாய்க்கலத்தில் மின்சாரம் செத்துக்கொண்டிருக்க, மூவரும் நிலவில் இறங்குவதற்கான சிறிய கலத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். இரண்டு பேர் இரண்டு நாள் இருப்பதற்காகச் செய்யப்பட்டது அது. இப்போது மூன்று பேர், ஏறக்குறைய நான்கு நாள். வெடித்தது ஆக்சிஜன் தொட்டி என்பதால் மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லாமல் போனது என்றே பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இறங்கு கலத்தில் ஆக்சிஜன் தேவைக்கு மேலேயே இருந்தது. போதாமல் போனவை கரியமில வாயுவைப் பிடிக்கும் டப்பாக்கள்.

அந்த டப்பாக்களில் இருந்தது லித்தியம் ஹைட்ராக்சைடு என்ற வெள்ளைப் பொருள். கரியமில வாயு அதன்மேல் பட்டால் லித்தியம் கார்பனேட்டாக மாறி அங்கேயே தங்கிவிடும், கொஞ்சம் தண்ணீரும் வெப்பமும் வெளிவரும். நம்பகமான வேதியியல், ஆனால் ஒருமுறைதான் பயன்படும். தாய்க்கலத்தில் டப்பாக்கள் நிறைய மிச்சம் இருந்தன. சிக்கல் வடிவத்தில். தாய்க்கலத்து டப்பா சதுரம், இறங்கு கலத்தின் துளை வட்டம். இரண்டையும் இரு வேறு நிறுவனங்கள் செய்திருந்தன. ஒன்று மற்றதற்குப் பொருந்த வேண்டி வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஹூஸ்டனில் எட் ஸ்மைலி என்ற பொறியாளரின் குழு, கலத்துக்குள் இருக்கும் பொருட்களை மட்டும் வைத்து ஓர் இணைப்பைக் கண்டுபிடித்தது: பிளாஸ்டிக் பை, கையேட்டின் அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டு நாடா. செய்முறையை வானொலியில் ஒவ்வொரு படியாக வாசித்தார்கள், மேலே இருந்தவர்கள் கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். அப்போது கரியமில வாயுவின் அழுத்தம் பாதரச அளவில் 15 மில்லிமீட்டரை நெருங்கிக்கொண்டிருந்தது. பூமியில் நாம் சுவாசிப்பதைப் போல் ஏறக்குறைய ஐம்பது மடங்கு. இணைப்பு பொருந்திய சற்று நேரத்தில் முள் சரசரவென்று இறங்கியது. இந்தக் கதை திரைப்படமாகவும் வந்து எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் இரு நிறுவனங்களின் வரைபடங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததால் வந்த வினை இது என்பதை வீர சாகசத்தின் வெளிச்சத்தில் நாம் மறந்துவிடுகிறோம்.

இன்றைய சர்வதேச விண்வெளி நிலையத்தில் லித்தியம் ஹைட்ராக்சைடு அவசரத்துக்கு மட்டும். அன்றாட வேலையைச் செய்வது சியோலைட் என்ற கனிமம். நுண்துளைகள் நிறைந்த அது கரியமில வாயுவை வேதிவினை இல்லாமலே பிடித்துவைத்துக்கொள்ளும். பிறகு சூடாக்கி வெற்றிடத்தின் பக்கம் திறந்துவிட்டால் பிடித்ததை விட்டுவிடும். ஒரு படுகை பிடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று கக்கிக்கொண்டிருக்கும். இவ்வளவு செய்தும் நிலையத்தின் கரியமில வாயு பூமியில் இருப்பதைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கிலேயே நிற்கிறது. வீரர்கள் தலைவலி என்று முறையிட்ட பின் வரம்பைக் குறைத்தார்கள். தலைவலியோடு வேலை செய்வதில் விண்வெளியும் அலுவலகம்தான் போலிருக்கிறது.

ஆக்சிஜனுக்கு அங்கே வழி, தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சுவது. நம் பள்ளி ஆய்வகத்தில் செய்ததேதான். பிரியும் ஆக்சிஜன் அறைக்குள் வரும். ஹைட்ரஜனை முன்பு வெளியே கொட்டினார்கள். பிறகு, பிடித்துவைத்த கரியமில வாயுவோடு அதைச் சேர்த்துத் தண்ணீரும் மீத்தேனும் ஆக்கும் கருவி வந்தது. இந்த வினையைக் கண்டுபிடித்த பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியேவுக்கு 1912-ல் நோபல் பரிசு கிடைத்தது. தண்ணீர் மறுபடி ஆக்சிஜனாகும். மீத்தேன் மட்டும் விண்வெளிக்குப் போகும். அதில் சேர்ந்திருக்கும் ஹைட்ரஜனும் போய்விடுவதால் வட்டம் முழுதாக மூடுவதில்லை.

அவசரத்துக்கு இன்னொரு வழி, ரஷ்யர்களின் ஆக்சிஜன் மெழுகுவத்தி. லித்தியம் பெர்குளோரேட் அடைத்த குப்பியைப் பற்றவைத்தால் ஆக்சிஜன் வரும். 1997 பிப்ரவரி 23 அன்று மிர் நிலையத்தில் அப்படி ஒன்று தீப்பந்தமாகச் சீறியது. நிலையம் முழுவதும் புகை. ஆறு பேர் முகமூடி மாட்டிக்கொண்டு அணைத்தார்கள், எல்லோரும் பிழைத்தார்கள்.

காற்றைச் சுத்தம் செய்தால் போதாது, அதை ஓடவும் வைக்க வேண்டும். பூமியில் நாம் விடும் மூச்சு வெதுவெதுப்பானது, லேசானது, தானாக மேலே போய்விடும். எடையற்ற நிலையில் மேல் கீழ் என்பதே இல்லை. மின்விசிறி நின்றுபோன மூலையில் ஒருவர் தூங்கினால், அவர் விட்ட கரியமில வாயு அவர் முகத்தைச் சுற்றியே நின்றுகொள்ளும். தலைவலியோடும் மூச்சுத் திணறலோடும்தான் எழுவார். அதனால் நிலையத்தில் விசிறிகளின் இரைச்சல் இரவும் பகலும் ஓய்வதில்லை.

இனி அழுத்தம். வத்தலகுண்டில் சிப்ஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறியவர்கள் பெருமாள்மலையைத் தாண்டும்போது அதைக் கவனித்திருப்பார்கள். பாக்கெட் பலூன்போல் உப்பிப்போயிருக்கும். உள்ளே கீழ்நாட்டு அழுத்தம், வெளியே மலையின் அழுத்தம். வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குதான். விண்கலத்துக்கு உள்ளே முழு அழுத்தம், வெளியே ஒன்றுமே இல்லை. ஒரு சதுர மீட்டர் சுவரை உள்ளிருந்து பத்து டன் விசை தள்ளிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சுமையைக் குறைக்கத்தான் அமெரிக்கர்கள் தொடக்கத்தில் வேறு வழி பார்த்தார்கள். உயிருக்குத் தேவை ஆக்சிஜன்தானே, நைட்ரஜனை ஏன் சுமக்க வேண்டும்? கடல்மட்ட அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, முழுக்க ஆக்சிஜன். சுவர் மெல்லியதாகும், கருவி எளிதாகும். விண்வெளியில் இது நன்றாகவே வேலை செய்தது. தவறு தரையில் நடந்தது. 1967 ஜனவரி 27 அன்று ஏவுதள ஒத்திகையில் அப்போலோ 1 கலத்தை வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜனால் நிரப்பியிருந்தார்கள். அந்தச் சூழலில் எரியாதென்று நினைக்கும் பொருளும் எரியும். எங்கோ ஒரு பொறி. கதவு உட்பக்கமாகத் திறப்பது, உள்ளிருந்த அழுத்தம் அதைத் திறக்க விடவில்லை. கிரிஸம், ஒயிட், சாஃபி மூவரும் இறந்தார்கள். அதன்பின் ஏவும்போது 60 சதவீதம் ஆக்சிஜன், 40 சதவீதம் நைட்ரஜன் என்று மாற்றினார்கள். இன்றைய நிலையத்தில் இருப்பது கடல்மட்டத்துக் காற்றின் நகல். ஒன்றும் செய்யாததுபோல் இருக்கும் நைட்ரஜன்தான் தீயை அடக்கிவைத்திருக்கிறது.

ரஷ்யர்கள் வேறு விலை கொடுத்தார்கள். 1971 ஜூன் 30 அன்று சோயுஸ் 11 கலம் பூமிக்குத் திரும்பும்போது, பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியில் 168 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வால்வு திறந்துகொண்டது. இரண்டு நிமிடத்துக்குள் காற்று முழுவதும் போய்விட்டது. கலம் பழுதின்றித் தரையிறங்கியது. கதவைத் திறந்தபோது டோப்ரோவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயேவ் மூவரும் இருக்கையிலேயே இறந்திருந்தார்கள். இடம் போதாது என்பதற்காக அழுத்த உடை இல்லாமல் மூவரை ஏற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் உடையோடு இருவர் மட்டுமே போனார்கள். 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11-ல் மூன்றாமவராக ஏறியபோது அந்த உடை அவர் உடம்பில் இருந்தது. கசிவு இன்றும் ஓயாத கவலைதான். சர்வதேச நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் 2019 முதல் மெல்லிய கசிவு இருந்துவந்தது. இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அந்த நிலையத்துக்குப் போக இருந்த பயணம் 2025 ஜூனில் தள்ளிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று மிச்சம் இருக்கிறது. பெயிண்ட், பசை, பிளாஸ்டிக், ஏன் மனித உடம்பும்கூட, ஓயாமல் நுண்ணளவு வாயுக்களைக் கசியவிடுகின்றன. ஜன்னல் உள்ள வீட்டில் அவை கலைந்துபோகும். மூடிய கலத்தில் சேரும். அதனால் நிலையத்துக் காற்று கரி வடிகட்டிகளைக் கடந்தே வர வேண்டும். மேலே போகும் பொருட்களைச் சூடாக்கி என்ன கசிகிறது என்று சோதிக்கிறார்கள். நியூ மெக்சிகோவில் உள்ள நாசா மையத்தில் மோந்து பார்த்து மதிப்பெண் போடுவதற்கென்றே ஒரு குழு உண்டு. பாதரச வெப்பமானியை விண்கலத்தில் ஏற்ற மாட்டார்கள். உடைந்தால் அதன் ஆவி மூடிய அறையை விட்டுப் போகாது.

பாதரசம் என்றதும் கொடைக்கானலைத் தவிர்க்க முடியாது. 1980களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை அந்த மலையில்தான் இயங்கியது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு முஞ்சிக்கல் பழைய சாமான் கடை ஒன்றில் கண்டெடுக்கப்பட்டபின் 2001-ல் அது மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது 2016-ல். உலகமே புகழும் காற்றுள்ள ஊரிலும், நான்கு சுவருக்குள் இருப்பவர் சுவாசிப்பது அந்த அறையின் காற்றைத்தான். குளிருக்கு இதமாக அறைக்குள் கரி மூட்டிவிட்டு, கதவைச் சாத்திப் படுத்தவர்கள் விடிந்தும் எழாத செய்தி நம் மலை ஊர்களிலிருந்து அவ்வப்போது வருவதும் இதனால்தான். அங்கே கொல்வது கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமும் இல்லை, உடம்பு எழுப்பும் எச்சரிக்கை மணியும் இல்லை.

இத்தனை கருவி எதற்கு, கொஞ்சம் காட்டையே கொண்டுபோனால் என்ன என்று கேட்கலாம். சோலைக்காட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. அமெரிக்காவின் அரிசோனாவில் அதைச் செய்தே பார்த்தார்கள். 1991 செப்டம்பரில் எட்டுப் பேர், காடும் வயலும் குட்டிக்கடலும் கொண்ட ஒன்றேகால் ஹெக்டேர் கண்ணாடிக் கூடத்துக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார்கள். பெயர் பயோஸ்பியர் 2. பதினாறு மாதத்தில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. கொடைக்கானலைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரத்தில் குடியிருப்பதற்குச் சமம். படியேற மூச்சு வாங்கியது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று.

ஆக்சிஜனைத் தின்றது யார்? மரம் வளரட்டும் என்று கொட்டிய செழிப்பான உரமண்ணின் நுண்ணுயிர்கள். அப்படியானால் அதே அளவு கரியமில வாயு கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. ஜெஃப் செவரிங்ஹாஸ், வாலஸ் புரோக்கர் முதலிய ஆய்வாளர்கள் துப்புத் துலக்கினார்கள். கட்டடத்தின் கான்கிரீட் அதை உறிஞ்சிச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றிக்கொண்டிருந்தது. காடு கெட்டிக்காரத்தனமானது, ஆனால் விண்கலத்துக்குத் தேவையானது சொன்னபடி கேட்கும் இயந்திரம். செடிகளில் இப்போதைக்கு நம்பிக்கை தருபவை கண்ணுக்குத் தெரியாத பாசிகள். சுக்லா நிலையத்தில் செய்த சோதனைகளில் உண்ணத்தக்க நுண்பாசிகளும் இருந்தன. அவை உணவும் ஆகும், கரியமில வாயுவை உண்டு ஆக்சிஜனும் தரும்.

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்துக்கு வருவோம். 400 கிலோமீட்டர் உயரத்தில், அதிகபட்சம் மூன்று பேர், மூன்று நாள். தேர்வான நால்வரில் குரூப் கேப்டன் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். ராக்கெட்டின் என்ஜின்கள் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படுகின்றன. என்ஜினில் இஸ்ரோவுக்குப் பல பத்தாண்டு அனுபவம் உண்டு. அறைக்குள் மனிதரை உயிரோடு வைத்திருக்கும் அமைப்பில் அனுபவமே கிடையாது. வெளிநாடுகளிடம் கேட்டும் கிடைக்காததால் நாமே உருவாக்குகிறோம் என்று 2023 இறுதியில் அன்றைய தலைவர் சோமநாத் வெளிப்படையாகவே சொன்னார். கிடைக்காமல் போனது நல்லதற்குத்தான் என்பது என் எண்ணம். கிரயோஜெனிக் என்ஜின் நமக்கு வந்த வழியும் அதுதானே.

ஆனால் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மூன்று பேர் மூன்று நாளில் செலவழிப்பது ஏழரைக் கிலோ ஆக்சிஜன். விடுவது ஒன்பது கிலோ கரியமில வாயு. அதைப் பிடிக்க லித்தியம் ஹைட்ராக்சைடு குறைந்தது பத்துக் கிலோ வேண்டும். எதையும் மறுசுழற்சி செய்யாமல், மூட்டை கட்டிக்கொண்டு போய்விடலாம். 2035-க்குள் அமைக்கத் திட்டமிட்டிருக்கும் இந்திய விண்வெளி நிலையத்தில் அதே மூவர் ஓராண்டு தங்கினால் ஆக்சிஜன் மட்டும் 900 கிலோவைத் தாண்டும், லித்தியம் ஹைட்ராக்சைடு 1,200 கிலோ. ஒவ்வோர் ஆண்டும் அதை ராக்கெட்டில் ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. சியோலைட் படுகையும், தண்ணீரைப் பிரிக்கும் கருவியும், சபாட்டியேயின் வினையும் அப்போது நமக்கு வேண்டும். அவற்றை மாதக்கணக்கில் நிற்காமல் விண்ணில் ஓட்டிக்காட்டும் வேலையை இந்தியா இனிமேல்தான் தொடங்க வேண்டும்.